சாப்பாட்டைப் பற்றி எழுதுவது ஒரு உத்தியோகமா?

டாக்டர் வேலை என்றால் என்ன என்று கும்பகோணத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. என்ஜினீயர் வேலை தெரியும். பாங்கி வேலை தெரியும். அமெரிக்காவுக்குப் போய்க் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இந்த வேலைகளின் பெயரைச் சொன்னால் வீட்டில் எல்லோருடைய முகமும் மலரும்.

ஒரு வேலையின் பெயரைச் சொன்னால் மட்டும் சிரிப்பு எழும்.

"ஊர் ஊராகப் போய், அங்கே ஜனங்கள் சாப்பிடுவதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன்" என்று ஒரு பெண் சொல்லட்டும். பாட்டி என்ன சொல்வாள்? "என்னடி இது! சாப்பிடறதைப் பத்தி எழுதினா யாராவது சம்பளம் கொடுப்பாங்களா?" என்பாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முதல்லே உருப்படியா ஒரு பட்டம் வாங்கு. அப்புறம் பார்க்கலாம்" என்பார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அந்தச் சிரிப்பு நியாயமானதல்ல. சாப்பாட்டைப் பற்றியும் பிரயாணத்தைப் பற்றியும் எழுதுவது ஒரு தொழில். கஷ்டமான தொழில். அதில் உலகப் புகழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பெண்ணும் இருக்கிறார். அந்தத் தொழிலுக்கு வேண்டிய முதல் எங்கே இருக்கிறது? சிரிக்கிற அந்தப் பாட்டியின் அடுப்பங்கரையில்தான் இருக்கிறது!

விருந்து வைத்து வாங்கிய அனுமதி

ஷோபா நாராயண் என்ற பெண்மணியின் வரலாற்றைப் பாருங்கள். அவர் சென்னையில் வளர்ந்தவர். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் மௌண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்க அவருக்கு இடம் கிடைத்தது.

வீட்டில் பெரியவர்களுக்குச் சம்மதமில்லை. கலியாணமாகாத பெண்ணைத் தனியாகக் கடல் கடந்து அனுப்புவதா? யோசித்தார்கள். முடிவில் ஒரு நிபந்தனை போட்டார்கள். குடும்பம் முழுவதற்கும் அவள் ஒரு சைவ விருந்து சமைக்க வேண்டும். விருந்து எல்லோருக்கும் பிடித்திருந்தால் போகலாம்; இல்லாவிட்டால் இல்லை.

பெண் சமைத்தாள். பெரியவர்கள் சாப்பிட்டார்கள். குறை சொல்ல முடியவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அவள் அமெரிக்கா போனாள்.

அங்கே பல துறைகளில் ஈடுபட்ட பின்னர், நியூயார்க் நகரில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழில் படித்தார். நியூயார்க்கிலேயே குடித்தனம் செய்தார். உணவைப் பற்றியும் பிரயாணத்தைப் பற்றியும் பெரிய பத்திரிகைகளுக்கு எழுதினார். அன்று குடும்பத்துக்குச் சமைத்த விருந்தின் கதையை ஒரு கட்டுரையாக எழுதி, "கூர்மே" என்ற அமெரிக்கப் பத்திரிகையில் 2000-ம் ஆண்டில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அந்தக் கட்டுரைக்கு ஜேம்ஸ் பியர்ட் நிறுவனத்தின் எம்.எப்.கே. பிஷர் விருது கிடைத்தது. உணவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மிகப் பெரிய கௌரவங்களில் அது ஒன்று.

2003-ல் "மான்சூன் டைரி" என்ற அவருடைய நூல் வந்தது. மழைக்கால நாட்குறிப்பு என்று அதற்குப் பொருள். தம் வாழ்க்கைக் கதையை அதில் சொல்லி, நடுநடுவே சமையல் குறிப்புகளையும் கொடுத்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். பெண்ணைத் தடுப்பதற்காக வைத்த பரீட்சை, பெண்ணுக்குத் தொழிலையே கொடுத்துவிட்டது! அந்த விருந்தைச் சமைக்க அவருக்கு எந்தச் சர்வகலாசாலை கற்றுக் கொடுத்தது? வீட்டு அடுப்பங்கரைதான்.

தாய் எழுதிய கடிதங்கள்

இன்னொருவர் மதுர் ஜாப்ரி. 1933-ல் டில்லியில் பிறந்தவர். நடிப்புக் கலை படிக்க 1950-களில் லண்டனுக்குப் போனார். அப்போது அவருக்குச் சமைக்கத் தெரியாது. லண்டனில் கிடைத்த சாப்பாடு நாக்குக்கு ஏறவில்லை. வீட்டு ஞாபகம் வாட்டியது.

தாய்க்குக் கடிதம் எழுதினார். தாயும் சலிக்காமல் பதில் எழுதினார். எந்தச் சாமானை முதலில் போடுவது, எதை எப்போது வதக்குவது என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் விளக்கம் வந்தது. விமானத் தபாலில் வந்த அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு மகள் சமையல் கற்றார்.

மதுர் ஜாப்ரி பின்னர் நல்ல நடிகை என்று பெயர் எடுத்தார். ஆனால் உலகம் அவரை அதிகமாக அறிந்தது சமையல் எழுத்தாளராகத்தான். அவருடைய முதல் சமையல் நூல் 1973-ல் வெளிவந்தது. 1982-ல் பி.பி.சி. டெலிவிஷனில் அவர் சமைத்துக் காட்டியதை இங்கிலாந்து முழுவதும் பார்த்தது. இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பிரயாணம் செய்து, அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதினார்.

இத்தனைக்கும் மூலதனம் என்ன? ஒரு தாய் பொறுமையாக எழுதிய கடிதங்கள். அந்தத் தாய் "இதெல்லாம் எழுதி ஆகிற காரியமா? வந்தால் சொல்லித் தருகிறேன்" என்று விட்டிருந்தால், மகளுடைய வாழ்க்கை வேறு வழியில் போயிருக்கும்.

கௌரவக் குறைவா?

"சமையலைப் பற்றி எழுதுவது கௌரவக் குறைவு" என்று நினைப்பவர்கள் தஞ்சாவூர் வரையில் போய் வந்தால் போதும்.

தஞ்சையை 1798 முதல் 1832 வரையில் ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் பெரிய படிப்பாளி. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர். காசி வரையில் யாத்திரை போய் வந்தவர். அவருடைய அரண்மனைச் சமையலைச் சொல்லும் "சரபேந்திர பாகசாஸ்திரம்" என்ற நூல் உண்டு. அதைச் சரசுவதி மகாலே அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. வைத்தியம், சங்கீதம், சாஸ்திரம் ஆகியவற்றோடு சமையலும் ஏட்டில் ஏறியது. அரண்மனைக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றாதது குடிமக்களுக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்ற வேண்டும்?

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் "சமைத்துப் பார்" நூலை வெளியிட்டார். கண்ணளவு, கையளவு என்று வாய்வழியாக வந்த சமையலை அவர் அளவு சொல்லி எழுதி வைத்தார். கலியாணமாகி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன பெண்கள் எத்தனையோ பேருடைய பெட்டியில், பட்டுப் புடவையோடு அந்தப் புத்தகமும் போயிற்று. ஒரு புத்தகம் பல மாமியார்களின் வேலையைச் செய்தது!

சாப்பிடுவது வேலை அல்ல

இந்தத் தொழிலைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. ஓசியில் சாப்பிட்டு, ஓசியில் ஊர் சுற்றி, "ஆகா, பிரமாதம்!" என்று நாலு வரி எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்.

உண்மை அதுவல்ல. உணவு நிருபரும் ஒரு நிருபர்தான். கோர்ட்டுக்குப் போகும் நிருபருக்கு என்ன பொறுப்பு உண்டோ அதே பொறுப்பு இவருக்கும் உண்டு. கேட்க வேண்டும். சரிபார்க்க வேண்டும். பிறகுதான் எழுத வேண்டும்.

கும்பகோணம் காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். "டிகிரி காப்பி" என்று ஏன் பெயர் வந்தது? பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவியை விட்டு, டிகிரி பார்த்து வாங்கினார்களாம். அதனால் வந்த பெயர் என்பார் ஒருவர். முதலில் இறங்கும் கெட்டியான டிகாக்ஷனுக்குத்தான் அந்தப் பெயர் என்பார் மற்றொருவர். "சிக்கரி" என்ற சொல்தான் வாயில் புரண்டு "டிகிரி" ஆயிற்று என்பார் மூன்றாமவர். கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதிவிடலாமா? கூடாது. மூன்றையும் சொல்லி, வாசகரிடம் விட்டுவிடுவதே நேர்மை.

இப்போது நெடுஞ்சாலை ஓரங்களில் எங்கே பார்த்தாலும் "கும்பகோணம் டிகிரி காப்பி" என்று போர்டு தொங்குகிறது. பித்தளை டபரா இருக்கிறது. காப்பி எப்படி? அதை உள்ளபடி எழுதுகிறவர்தான் நிருபர். கடைக்காரர் கொடுத்த காப்பிக்குக் காசு கொடுக்காமல் எழுதுகிறவர் விளம்பரக்காரர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது கடப்பா. கும்பகோணத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பாசிப் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காய் அரைத்துவிட்டு, இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிற பண்டம். அதில் இருக்கும் உருளைக்கிழங்கு தென் அமெரிக்கக் கிழங்கு. பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்ததுதான். கொலம்பஸ் 1492-ல் கப்பல் ஏறிப் போகாவிட்டால், இன்றைய கடப்பா இல்லை! அதற்கு முன்னே காரத்துக்கு மிளகுதான். ஒரு கிண்ணத்துக்குள்ளேயே எவ்வளவு பெரிய பிரயாணக் கதை இருக்கிறது பாருங்கள்.

கும்பகோணத்துக்கு அருகில் உப்பிலியப்பன் கோயில் இருக்கிறது. அங்கே சுவாமிக்கு உப்பில்லாமல்தான் நைவேத்தியம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர் வெற்றிலையை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் மகாமகம் 2016-ல் நடந்தது; அடுத்தது 2028-ல் வருகிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரு நிருபர் வந்து எழுத இங்கே விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

முகத்தைக் காட்டாத தமிழர்

பிரயாண எழுத்து தமிழுக்குப் புதிதல்ல. ஏ. கே. செட்டியார் என்ற பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் "தனவணிகன்" பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோக் கலை படித்தார்.

1937-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, மகாத்மா காந்தியின் வாழ்க்கையைப் படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. உலகம் முழுவதும் சுற்றி, காந்தியடிகளைப் பற்றி யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச் சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940-ல் படத்தை வெளியிட்டார். "உலகம் சுற்றும் தமிழன்" முதலிய பிரயாண நூல்களை எழுதினார். "குமரி மலர்" பத்திரிகையை 1943-ல் தொடங்கி, 1983-ல் காலமாகும் வரையில் நடத்தினார்.

இவ்வளவு சுற்றியவர் தம்மைப் பற்றி அதிகம் பேசவே மாட்டார். அவருடைய எழுத்தில் ஊர் தெரியும், ஜனங்கள் தெரிவார்கள், செட்டியார் ஓரமாக ஒதுங்கி நிற்பார். இன்று பல பேர் ஊருக்குப் போனால் கோபுரத்தை மறைத்துக்கொண்டு தங்கள் முகத்தைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். இலையில் என்ன பரிமாறினார்கள் என்பதைவிட, தாம் எப்படிச் சாப்பிட்டோம் என்பதே அவர்களுக்கு முக்கியம். செட்டியாரிடம் அவர்கள் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கும்பகோணத்துக்கு இன்னும் நெருங்கியவர் தி. ஜானகிராமன். கும்பகோணம் கல்லூரியில் படித்தவர். "மோகமுள்" நாவலில் இந்த ஊரையே நடமாட விட்டவர். ஜப்பானுக்குப் போய் வந்து "உதயசூரியன்" என்ற பிரயாண நூல் எழுதினார். "சிட்டி"யோடு சேர்ந்து காவேரிக் கரை நெடுகப் பிரயாணம் செய்து "நடந்தாய் வாழி காவேரி" எழுதினார். அயல் நாட்டைப் பார்த்த கண்ணால் சொந்த ஆற்றையும் பார்க்கலாம் என்பதற்கு அவர் சாட்சி.

வயிறு நிரம்புமா?

அப்பாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? "இதில் வருமானம் வருமா?" என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது இது: இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடைப்பவர்கள் குறைவு. கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் வரும். கட்டுரை வராத மாதம் பணமும் வராது. பெரிய பத்திரிகைகளே நின்று போவதும் உண்டு. ஷோபா நாராயணின் கட்டுரையை வெளியிட்ட "கூர்மே" 1941-ல் தொடங்கிய பத்திரிகை. 68 ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. 2009-ல் அதை மூடிவிட்டார்கள்.

ஆகையால் புத்திசாலிகள் கையில் இன்னொரு தொழிலையும் வைத்திருந்தார்கள். மதுர் ஜாப்ரிக்கு நடிப்பு இருந்தது. ஜானகிராமனுக்கு ஆசிரியர் வேலையும், பின்னர் ரேடியோ உத்தியோகமும் இருந்தன. "பட்டம் வாங்கு" என்று அப்பா சொல்வது தவறல்ல. "பட்டம் வாங்கு, எழுதுவதையும் விடாதே" என்று சொன்னால் முழுக்கச் சரியாகிவிடும்.

தூரத்தில் இருப்பவருக்கு உள்ள ஆபத்து

அயல் நாட்டில் இருந்துகொண்டு நம் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதில் ஒரு நன்மையும் உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு.

நன்மை என்ன? தினமும் சாப்பிடுகிறவனுக்கு ரசத்தின் அருமை தெரியாது. நியூயார்க்கில் பனி கொட்டும்போது ரசத்தை நினைத்துக்கொள்கிறவளுக்குத் தெரியும். தூரம் கண்ணைத் திறக்கிறது.

ஆபத்து என்ன? வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கும்படி சொல்ல வேண்டும் என்ற ஆசை. "கறி" என்ற சொல்லின் கதையே இதற்கு உதாரணம். அது தமிழ்ச் சொல். காய்கறி என்கிறோம், வாழைக்காய்க் கறி என்கிறோம், இறைச்சியையும் கறி என்கிறோம். அந்தச் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துப் போய், குழம்பு, கூட்டு, குருமா எல்லாவற்றுக்கும் ஒரே பெயராகச் சூட்டிவிட்டார்கள். அதற்கு ஒரு பொடியையும் டப்பாவில் அடைத்து விற்றார்கள். இந்தியச் சமையல் முழுவதையும் ஒரே சொல்லில் அடைப்பதை மதுர் ஜாப்ரி 1973-ல் தம் முதல் நூலிலேயே கண்டித்தார். பிழைக்கப் போன இடத்தில் அந்த ஊர்க்காரரிடமே "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவர் இந்தத் தொழிலுக்குப் போகக் கூடாது.

ஷோபா நாராயண் பின்னர் குடும்பத்தோடு இந்தியாவுக்கே திரும்பி, பெங்களூரில் குடியேறினார். அங்கே பால் கொடுக்கும் பெண்மணியையும் பசுக்களையும் பற்றி ஒரு நூல் எழுதி 2018-ல் வெளியிட்டார். கோயில் கோயிலாகப் போய், பிரசாதங்களைப் பற்றி எழுதிய நூல் 2020-ல் வந்தது. உலகத்தைச் சுற்றிய எழுத்து, கடைசியில் வாசலில் வந்து நிற்கும் பால்காரியிடமும் கோயில் மடைப்பள்ளியிடமும் வந்து சேர்ந்தது.

யாருடைய சாப்பாடு?

இன்னொரு விஷயம். அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் சொல்லியும் பயனில்லை.

"கும்பகோணத்துச் சாப்பாடு" என்றால் எது? காப்பியும் கடப்பாவும் மட்டுமா? நாற்று நடப் போகும் பெண்ணின் தூக்குச் சட்டியில் பழைய சோறு இருக்கிறது. கடித்துக்கொள்ள வெங்காயமும் மிளகாயும் கருவாடும் இருக்கின்றன. வாய்க்காலில் பிடித்த கெண்டையும் விராலும், வயல் நண்டு ரசமும் காவேரிக் கரைச் சாப்பாடு இல்லையா? இஸ்லாமியர் வீட்டுப் பெருநாள் விருந்து இந்த ஊர் விருந்து இல்லையா?

ஓட்டல் பலகாரத்தையும் ஒரு சில வீட்டுச் சமையலையும் மட்டும் எழுதிவிட்டு, இதுதான் தஞ்சை ஜில்லாவின் ருசி என்று உலகத்துக்குச் சொன்னால் அது பாதி உண்மை. பாதி உண்மை எழுதுவதற்கு நிருபர் எதற்கு?

சோற்றைப் பற்றி எழுதுகிறவர் நெல்லை மறக்கக் கூடாது. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறக்குமா, திறக்காதா என்று இந்தச் சீமையே காத்திருக்கும். 1934-ல் கட்டி முடித்த அந்த அணையில் தண்ணீர் இருந்தால்தான் குறுவை; இல்லாவிட்டால் உழவன் வானத்தைப் பார்க்க வேண்டும். இலையில் விழும் ஒரு பிடிச் சோற்றுக்குப் பின்னால் இத்தனை கவலை இருக்கிறது. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிப் பிடித்து மீட்டார். 2018-ல் அவர் காலமானார். அந்த நெல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி உண்டு. ஒரு கதையும் உண்டு. அந்தக் கதைகளில் எழுதப்பட்டவை எத்தனை?

சமைத்த கைக்கும் மரியாதை வேண்டும். ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அம்மாள் சொன்ன பக்குவத்தை எழுதிக்கொண்டு வந்து, அவள் பெயரையே சொல்லாமல் தன் பெயரில் போட்டுக்கொள்வது திருட்டு. அவள் சம்மதித்தால் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். ஓட்டல் மாஸ்டருக்கும் இதே நியாயம்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

அயல் நாட்டுப் பத்திரிகையில் யாரோ எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலின் முதல் பாடத்தை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே தொடங்கலாம். செலவு, ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும்தான்.

பாட்டி சமைக்கும்போது பேரனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார வேண்டும். பெண் பிள்ளைக்கு மட்டும்தான் இந்த வேலை என்று வைக்கக் கூடாது. ஆண் பிள்ளையும் உட்காரலாம். "ஒரு கை உப்பு" என்று பாட்டி சொன்னால், அந்தக் கை உப்பை ஸ்பூனில் அளந்து எழுத வேண்டும். "ஆழாக்கு" என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று எழுதி, அந்த ஆழாக்கில் அரிசியைப் போட்டு நிறுத்து, எத்தனை கிராம் என்பதையும் பக்கத்திலே எழுத வேண்டும்.

சமையலோடு நிறுத்த வேண்டாம். இந்தப் பண்டத்தை யாரிடம் கற்றாய்? எந்த ஊரில்? எந்தப் பண்டிகைக்குச் செய்வீர்கள்? அரிசி கிடைக்காத காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? இதையெல்லாம் கேட்க வேண்டும். பதிலைப் பாட்டியின் வார்த்தையிலேயே எழுத வேண்டும். எழுதத் தெரியாத பாட்டியாக இருந்தால் இன்னும் அவசியம். படித்தவர்கள் சொன்னதை எழுத எத்தனையோ பேர் உண்டு. அவள் சொல்வதை எழுத அந்தப் பேரப் பிள்ளையை விட்டால் வேறு யார்?

எழுத்துக் கூட்டிப் படிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்களும் இதைச் செய்யலாம். பெரிய நடை வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். கல்வெட்டைப் படித்துக் கோயிலின் வரலாற்றைத் தெரிந்துகொள்கிறோம். அடுப்பங்கரைக்குக் கல்வெட்டு கிடையாது. பாட்டி போய்விட்டால் அவளுடைய கைப்பக்குவமும் கூடவே போய்விடும். வத்தல் குழம்பின் ருசியை நினைத்து அழுவதற்குப் பிள்ளைகள் இருப்பார்கள். செய்வதற்கு ஆள் இருக்காது.

அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி நாளைக்கு நியூயார்க்கிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ பெரிய நிருபராக வரலாம். வராமலும் போகலாம். அயல் நாட்டுக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு ராத்திரி பசியோடு அறைக்குத் திரும்பி, அந்த நோட்டைப் பார்த்து ஒரு ரசம் வைத்துச் சாப்பிட்டாலும் போதும். எழுதியதற்கு அதுவே முதல் சம்பளம்.